காய்ச்சல்தான் விட்டதே, பிறகு எதற்கு எக்கோ?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குழாய்ச் சுவரைத் தாக்குகிற இரத்தக்குழாய் அழற்சி பற்றிப் போன இதழில் நாலே நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள் (எங்கள் ஆட்களின் கையெழுத்தை வாசிக்க எனக்கே இரண்டு கண்ணாடி தேவைப்பட்டது). பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைத் தொட்டுப் பார்க்கிற டொக்டரின் வேலை. அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு கிழமை காய்ச்சல், கண் இரண்டும் சிவப்பு, உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. டெங்கு என்றுதான் முதலில் பார்த்தார்கள். பிறகு கவசாகி என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரவு முழுக்க ஒரு மருந்து ஏற்றினார்கள், அடுத்த நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது ஓடித் திரிகிறான். ஆனாலும் தினமும் அஸ்பிரின் கொடுக்கச் சொல்லி, எக்கோவுக்கு (இதய ஸ்கான்) திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். போய் வந்தால் கணவருக்கு ஒரு நாள் கூலி போகும். "வடிவா நிக்கிற பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறாய்" என்று மாமி கேட்கிறா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வேறு வந்திருக்கிறது.
– ஓர் அம்மா, விசுவமடு

பதில்: அம்மா, முதலில் எக்கோவுக்குப் போகிற நாளைக் குறித்து வையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

மாமி கேட்டது நியாயமான கேள்விதான். கவசாகியும் நான் எழுதிய இரத்தக்குழாய் அழற்சிகளில் ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்தவரே தொடக்கத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். ஜப்பானில் தொமிசாகு கவசாகி என்ற குழந்தை வைத்தியர் 1961 இல் முதல் பிள்ளையைப் பார்த்து, 1967 இல் ஐம்பது பிள்ளைகளைப் பற்றி எழுதினார். தானாகவே மாறிப்போகிற காய்ச்சல் என்றுதான் அப்போது எண்ணம். சுகமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் திடீரென்று இறந்தபோதுதான், காய்ச்சல் விட்ட பிறகும் இதயத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியவந்தது.

என்ன வேலை என்றால், இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கிற முடியுருநாடிகளின் சுவர் அழன்று பலமிழந்து போகிறது. டயர் தேய்ந்து கிழிந்த இடத்தில் சைக்கிள் ரியூப் முட்டை மாதிரி வெளியே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே போல அந்த நாடி அந்த இடத்தில் பலூனாக வீங்கும். வீங்கின இடத்தில் இரத்தம் சுழன்று மெதுவாகப் போகும், மெதுவாகப் போகிற இரத்தம் கட்டிபடும். போதாததற்கு, இரத்தத்தைக் கட்டிபடச் செய்கிற, டெங்குவில் இறங்குகிற அதே பிளேட்லெட் கவசாகியில் இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் தாறுமாறாக ஏறும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது விரல் நுனியில் நகத்தடியில் இருந்து தோல் உரிந்து வந்திருக்குமே, ஏறக்குறைய அந்த நாட்களில்தான். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, விளையாடிக்கொண்டிருப்பான். அந்த இரத்தம் கட்டிபடாமல் இருக்கத்தான் தினமும் அஸ்பிரின்.

மருந்து ஏற்றாமல் விட்டால் நாலு பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் முடியுருநாடி பாதிக்கப்படும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது இருபதுக்கு ஒன்று அளவுக்கு இறங்குகிறது. இரவு முழுக்க ஏறியது அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரி, பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 2 கிராம், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அது நேரத்தோடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இருபதில் ஒன்று யார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது, எக்கோவில்தான் தெரியும். நோய் தொடங்கி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் எடுக்கிற எக்கோவில் நாடிகள் ஒழுங்காக இருந்தால் அஸ்பிரினை நிறுத்திவிடுவார்கள். சிறிய வீக்கம் இருந்தால் தொடரச் சொல்வார்கள், அப்படியான சிறிய வீக்கங்களில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. மிகப் பெரிய வீக்கம் என்றால்தான், இரத்தம் கட்டிபடாமல் தடுக்கிற இன்னும் பலமான மருந்தான வார்ஃபரின் வரைக்கும் போகும்.

இப்போது கொப்பளிப்பான். இதைத்தான் நீங்கள் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. அஸ்பிரின் குடிக்கிற பிள்ளைக்குக் கொப்பளிப்பானோ இன்ஃபுளுவென்சாவோ வந்தால், ஈரலையும் மூளையையும் தாக்குகிற ரேய் என்ற சிக்கல் வரலாம். அபூர்வம்தான், வந்தால் பொல்லாதது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மகன் விளையாடியிருந்தால் கொப்பளம் போடும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிளினிக்குக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். இபுபுரூஃபன் பாணி கொடுத்தால் அஸ்பிரினின் வேலையை அது கெடுத்துவிடும்.

இன்னொன்று, மூன்று வயதில் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கானது). ஏற்றின இம்யூனோகுளோபுலின் உடம்பில் இருக்கும்போது அந்த ஊசி பிடிக்காது, பதினொரு மாதம் தள்ளிப் போட வேண்டும். குடும்பநல மாது திகதி பார்த்துக் கூப்பிடுவார், அவரிடம் டிஸ்சார்ஜ் துண்டைக் காட்டுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு நெஞ்சு நோகுது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் வெளிறி, வியர்த்து, சத்தி எடுத்து, விடாமல் அழுதால், அல்லது மூச்சு வாங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இதை வாசிக்கிற மற்ற அம்மாமாருக்கும் ஒரு சொல்: கைக்குழந்தைகளில் இந்த நோய் எல்லா அறிகுறியோடும் வராது, சில வேளை காய்ச்சலும் எரிச்சலும் மட்டும்தான் இருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பாருங்கள். அது நல்ல ஒரு துப்பு.

கேள்வி: என் காலில் நரம்பு சுருட்டு இருக்கிறது. நீங்கள் எழுதிய இரத்தக்குழாய் அழற்சி இதுதானா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
– மாங்குளம்

பதில்: இல்லை. உங்களுக்கு இருப்பது நாளத்தின் வால்வு தளர்ந்த பிரச்சினை, நான் எழுதியது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குழாய்ச் சுவரைத் தாக்குவது. இரண்டும் தொற்றாது.

கேள்வி: எனக்கு 27 வயது. உடுப்புக் காயப்போடக் கையைத் தூக்கினால் இடது கை விறைத்து ஓய்ந்துவிடும். நேர்ஸ் அந்தக் கையில் பிரஷர் எடுக்க முடியாமல் மெஷின் பழுதென்று இன்னொரு மெஷினும் கொண்டுவந்தார். வலது கையில் 170. ஸ்கான் எடுத்து, தகயாசு என்று சொல்லி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட்டும் கிழமைக்கு ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட்டும் தந்திருக்கிறார்கள். எட்டு மாதமாகிறது. முகம் வட்டமாகி, சனம் "நல்லாக் கொழுத்திட்டாய்" என்கிறது. அழற்சியைப் பார்க்கிற ஈ.எஸ்.ஆர். இரத்தச் சோதனை சரியாகிவிட்டது, கையும் முந்தி மாதிரி நோகவில்லை. மருந்தை விடலாமா? கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை வேண்டும்.
– மல்லாவி

பதில்: தங்கச்சி, அந்த நேர்ஸுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். ஏன் என்றால் நான் தவறவிட்டதை அவர் பிடித்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், களைப்பென்று வந்த ஒரு இளம் பெண்ணுக்கு இடது கையில் மட்டும் பிரஷர் பார்த்தேன். 90 க்கு 60. பிரஷர் குறைவு, கஞ்சி குடியுங்கள், கொஞ்சம் உப்பும் சேருங்கள் என்று சொல்லி விற்றமின் குளிசையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். சில மாதம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார், அன்றைக்கு வேறொரு டொக்டர் வலது கையில் எடுத்தபோது 200 ஐத் தொட்டது. அந்த இடது கைக்குப் போகிற நாடி அடைபட்டிருந்ததால்தான் அங்கே 90. உப்புச் சேர்க்கச் சொன்ன ஆள் நான். இன்றுவரை புதிதாக வருகிற எவருக்கும் இரண்டு கையிலும் எடுக்காமல் நான் விடுவதில்லை. 10 க்கு மேல் வித்தியாசம் நின்றால் ஏன் என்று தேடவேண்டும்.

1908 இல் மிகிதோ தகயாசு என்ற கண் வைத்தியர் ஒரு இளம் பெண்ணின் விழித்திரையில் இருந்த விசித்திரமான குழாய்களைப் பற்றிச் சொன்னதில் இருந்து இந்தப் பெயர். நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் எங்கள் ஆசியப் பக்கம். கவசாகியில் சுவர் வீங்குகிறது என்றேனே, இதில் பெருநாடியின் சுவரும் அதன் கிளைகளும் தடித்து உட்பக்கம் ஒடுங்குகின்றன. வண்டல் ஏறின வாய்க்கால் மாதிரி. கைக்குப் போகிற கிளை ஒடுங்கினால் கை ஓயும், சிறுநீரகத்துக்குப் போகிற கிளை ஒடுங்கினால் சிறுநீரகம் "எனக்கு இரத்தம் காணாது" என்று பிரஷரை ஏற்றிவிடும். உங்கள் 170 க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஸ்கான் ரிப்போர்ட்டில் சிறுநீரக நாடி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இதயத்துக்கு இதனால் வருகிற கேடு மூன்று வழியில் வரும். ஏறின பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடித்து, பிறகு களைத்துப்போவது ஒன்று. பெருநாடியின் அடிப்பகுதி விரிந்து வால்வு சரியாக மூடாமல் இரத்தம் திரும்பி ஒழுகுவது இன்னொன்று. முடியுருநாடி தொடங்குகிற வாயிலேயே ஒடுங்கி, முப்பது வயதுக்குள் ஹார்ட் அட்டாக் வருவது மற்றது. "இந்த வயதில் நெஞ்சு நோவா, காஸ்றிக்காக இருக்கும்" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பினால், தகயாசு என்ற சொல்லை உரத்துச் சொல்லி ஈ.சி.ஜி. கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஈ.எஸ்.ஆர். சரி என்பது நல்ல செய்தி. ஆனால் இந்த நோயில் அந்தத் துண்டை முழுதாக நம்ப ஏலாது, இரத்தத்தில் எல்லாம் நோர்மலாக நிற்க, உள்ளே குழாய் ஒடுங்கிக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இடைக்கிடை ஸ்கானும் எக்கோவும். பிரெட்னிசலோனைச் சட்டென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாதக் கணக்கில் வெளியில் இருந்து ஸ்டீரொய்ட் வந்ததால் உடம்பு தன்னுடையதைச் சுரக்க மறந்திருக்கும். ஒரே நாளில் விட்டால் பிரஷர் விழுந்து, சத்தி எடுத்து, ஆளே சரிந்துவிடலாம். மெல்ல மெல்லத்தான் இறக்குவார்கள், இறக்கும்போது நோய் திரும்பத் தலைதூக்குவதும் வழமை, மெதோட்ரெக்ஸேட் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். குளிசை குறையக் குறைய முகமும் வற்றும். அதுவரை சனம் என்னவும் சொல்லட்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள், கருவாட்டையும் மோர்மிளகாயையும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள், எலும்புக்கு நெத்தலி, எள்ளு, முருங்கையிலை நல்லது, கல்சியக் குளிசையையும் விடாதீர்கள். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் சளி கொடுத்துக் காசநோய் பார்க்க வேண்டும். ஸ்டீரொய்ட் தூங்குகிற காசநோயை எழுப்பும்.

மெதோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒரு நாள் என்றால் ஒரே ஒரு நாள்தான். தினமும் குடித்து வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணு விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டு வையுங்கள், ஃபோலிக் அசிட் வேறொரு நாளில்.

பிள்ளை பெறலாம், தகயாசு உள்ள எத்தனையோ பேர் பெற்றிருக்கிறார்கள். ஆனால் மெதோட்ரெக்ஸேட் குடிக்கிறபோது தங்கவே கூடாது, அது கருவைக் கெடுக்கும். நோய் ஒரு ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், மெதோட்ரெக்ஸேட்டை மூன்று மாதம் முன்னமே நிறுத்தி, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய அசதயோபிரினுக்கு மாற்றுவார்கள். பிரஷர் குளிசைகளிலும் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை, அவற்றையும் மாற்ற வேண்டும். அடுத்த கிளினிக்கில் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் நேராகக் கேளுங்கள், அதுவரை கர்ப்பத்தடை. பிறகு கர்ப்பமானால், பிரஷர் எப்போதும் வலது கையில்தான் எடுக்க வேண்டும் என்று கர்ப்பவதி அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதுவியுங்கள்.

கேள்வி: பெருநாடியில் அழற்சி இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். 2009 போரில் பட்ட எறிகணை (செல்) துண்டுகள் முதுகிலும் தொடையிலும் இன்னும் இருக்கின்றன. காந்தம் இழுத்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?
– புதுக்குடியிருப்பு

பதில்: வன்னியைத் தவிர வேறெங்கும் இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு தரம் வந்திருக்காது. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. செல் துண்டு பெரும்பாலும் இரும்பு, எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். பல வருடம் தசைக்குள் தழும்பு கட்டி இறுகியிருக்கிற துண்டு பெரும்பாலும் அசையாது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. உங்களுக்கு முதுகில் என்பதால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு முள்ளந்தண்டில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் அந்த அறைக்குள் போக வேண்டாம். எடுக்க ஏலாது என்றால் உலகம் முடிந்துவிடாது, சாயம் ஏற்றி எடுக்கிற சி.ரி. ஸ்கானிலும் பெருநாடி வடிவாகத் தெரியும். அதற்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் பார்ப்பார்கள். காயப்பட்ட விடயத்தைச் சொன்னால் தேவையில்லாத கேள்வி வரும் என்று மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும், ஏன் மறைக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த அறை வாசலில் மட்டும் மறைக்காதீர்கள்.

கேள்வி: 58 வயது, வயல் வேலை. பதினைந்து வருடமாக முட்டு (ஆஸ்துமா). போன போகத்தில் இருந்து வலது பாதம் விறைத்து, தூக்கி வைக்க ஏலாமல் செருப்புக் கழன்று விழுகிறது. இரத்தத்தில் ஈசினோஃபில் கூட என்று முதலில் பூச்சி மருந்து தந்தார்கள். இப்போது இரத்தக்குழாய் அழற்சி என்று சொல்லி இதயத்துக்கும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முட்டுக்கும் பாதத்துக்கும் இதயத்துக்கும் என்ன தொடுப்பு? இவர்களுக்கே தெரியவில்லைப் போல.
– ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குச் சொல்ல நேரம் எடுக்கவில்லை, அது பிழைதான்.

ஈசினோஃபில் என்பது ஒருவகை வெள்ளை அணு. சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற ஆளுக்கு அது கூடினால் முதலில் குடற்பூச்சியைத்தான் நினைக்க வேண்டும். பூச்சி மருந்து தந்ததற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு: கால் தோலால் ஏறுகிற ஒரு நுண்ணிய புழு உடம்பில் இருக்கும்போது ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது பெருகி உடம்பெல்லாம் பரவி ஆளையே கொன்றுவிடும். முட்டு, ஈசினோஃபில், இப்போது நரம்பு செத்த பாதம், மூன்றும் சேர்ந்தால் ஈசினோஃபிலோடு வருகிற குழாய் அழற்சி. பாதத்து நரம்புக்கு இரத்தம் கொடுக்கிற மயிரளவு குழாய்கள் அடைபட்டதால்தான் செருப்புக் கழலுகிறது.

இதே அணுக்கள் இதயத் தசைக்குள்ளும் புகும். புகுந்தால் தசை அழன்று பலமிழக்கும், இதயத்தைச் சுற்றி நீர் கட்டும், அறைக்குள் இரத்தம் கட்டிபடும். இந்த நோயில் இறப்பவர்களில் அதிகம் பேர் இதயத்தாலேயே இறக்கிறார்கள், நெஞ்சு நோவே இல்லாமலும் தொடங்கும். அதனால் நெஞ்சில் ஒன்றும் செய்யவில்லை என்று எக்கோவை விட்டுவிடாதீர்கள். இதயம் தப்பியிருந்தால் ஸ்டீரொய்ட்டை மையமாக வைத்து மருந்து போகும். இதயம் பட்டிருந்தால் அதோடு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற பலமான மருந்தான சைக்கிளோபொஸ்பமைட் ஏற்றுவார்கள். ஏற்றுகிற நாளும் அடுத்த நாளும் தண்ணீர் நிறையக் குடியுங்கள் (இதயம் பலவீனம் என்று தண்ணீரை அளந்து தந்திருந்தால் மட்டும் அந்த அளவு), சிறுநீர் சிவந்தால் உடனே சொல்லுங்கள். ஸ்டீரொய்ட் குடிக்கும் காலத்தில் வயலில் இறங்கினால் பூட்ஸ் போடுங்கள். எலிக்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தாங்காது. முட்டு பம்பை நிறுத்த வேண்டாம். பாதம் திரும்புமா என்றால், மாதக் கணக்கு எடுக்கும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பிசியோவுக்குப் போனால் பாதத்தைத் தாங்குகிற ஒரு பட்டை செய்து தருவார்கள்.

கேள்வி: மாரியில் எங்கள் பக்கம் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் பஸ் இல்லை. அம்மாவின் ஸ்டீரொய்ட் குளிசை முடிந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் விடலாமா?
– முல்லைத்தீவு

பதில்: விட முடியாது, மேலே மல்லாவித் தங்கச்சிக்குச் சொன்ன அதே காரணம்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள், ஒரே இரவில் வந்தது. ஐப்பசி பிறக்கும்போதே கிளினிக்கில் நிலைமையைச் சொல்லி இரண்டு கிழமைக்குக் கூடுதலாகக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். முடிந்தே விட்டது என்றால் அம்மாவின் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பிரெட்னிசலோன் சாதாரண மருந்து, எந்தப் பக்கம் றோட்டுத் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலோ பாமசியிலோ கொப்பியைக் காட்டினால் கிடைக்கும். முகாமில் இருந்தால் அங்கே வருகிற சுகாதார ஆட்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். கொப்பியை இரண்டு சொப்பிங் பையில் போட்டுக் கட்டி, அடையாள அட்டையும் காணி உறுதியும் வைக்கிற அதே இடத்தில் வையுங்கள்.